மெக்கானிக் எந்தப் பக்கம் பார்க்கிறார்

ஊரார் குற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

தொடர்களில் கண்டினியூட்டி பார்ப்பவள் நான். ஒரு காட்சியை ஒரே மூச்சில் எடுத்து முடிப்பதில்லை. பாதியை இன்றைக்கு எடுப்பார்கள், மீதியை மூன்று நாள் கழித்து எடுப்பார்கள். முதல் பாதியில் வலது கையில் இருந்த டம்ளர் மறுபாதியில் இடது கைக்குத் தாவியிருந்தால், வேலைவெட்டி இல்லாத யாரோ ஒருவர் அதை வட்டம் போட்டு உலகத்துக்கே அனுப்பிவிடுவார். அந்த மானம் போகாமலிருக்க நான் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் எந்தக் கையால் எதைத் தொட்டார், எந்தச் சொல்லில் எழுந்தார், எத்தனை பொத்தான் போட்டிருந்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பேன். செட்டில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால்தான் பூதக்கண்ணாடி. என் வீட்டுக்காரர் மட்டும் நேராகவே சொல்வார். அவர் இரண்டாவது முறை சர்க்கரை போடுவதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்பதால் அந்த மனுஷனுக்கு அந்த உரிமை உண்டு.

என்னிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. 'பொருந்துகிறது' என்ற ஒரே சொல்தான் அதில். எழுதி வரும் ஒவ்வொரு பக்கத்தையும் பழைய எபிசோடுகளோடு ஒத்துப் பார்த்து நான் ஸ்டாம்ப் குத்தினால்தான் அது படப்பிடிப்புக்குப் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பான பக்கத்தில்கூட நான் குத்தியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஏறட்டும், சம்பாதித்தது.

நாங்கள் எடுப்பது விண்வெளிக் கப்பல் ஒன்றின் கதை. நாலாவது வருஷம் ஓடுகிறது. கப்பல் என்றால் ஒட்டுப்பலகை. அதற்கு வெள்ளிப் பெயின்ட். கட்டுப்பாட்டு அறையில் மினுக்கும் பொத்தான்களில் பாதி, பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றியவை. அந்தக் கப்பலின் மெக்கானிக்காக நடிப்பவரை நாங்கள் ஃபியூஸ் அண்ணே என்போம். அவர் உண்மையில் லைட்மேன். முதல் வருஷம் மெக்கானிக்காக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் அண்ணாந்து பார்த்தார், ஏணி மேல் இவர் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். "அவரையே நிறுத்துங்க, ஸ்பேனராவது ஒழுங்காப் பிடிப்பாரு" என்றார். ஒரு காட்சிக்கு என்று கீழே இறங்கியவர் நாலு வருஷமாக ஏணி ஏறவில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொண்டு யார் பெரியவர் என்பதையே மறந்துவிட்டோம்.

ஜனங்களுக்கு மெக்கானிக்கைப் பிடித்துப் போனதற்குக் காரணம் அவருடைய இரண்டு பழக்கங்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து அரை நொடி நிற்பார், பிறகு உள்ளே போவார். கதவைச் சாத்த மாட்டார். பின்னால் வருபவர்தான் சாத்த வேண்டும். சாப்பாட்டுக் காட்சியில் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். எழுதினவர் யாரும் இதை எழுதவில்லை, அவராகச் செய்தது. 'இடது கை சட்டத்தில், அரை நொடி, கதவு திறந்தபடி, பையில் பாதி ரொட்டி' என்று நான் நோட்டில் ஏற்றினேன். என் நோட்டில் ஏறியது அடுத்த எபிசோடில் சட்டமாகிவிடும். குழந்தைகள் பள்ளிக்கூடத்து வாசலில் மெக்கானிக் மாதிரி நின்று காட்டுகிறார்களாம்.

கதாசிரியருக்குச் சிக்கல் என்று பெயர். எந்தக் கதையைக் கேட்டாலும் "எல்லாம் சரி, சிக்கல் எங்கே?" என்று கேட்கிறவர், முப்பது வயசுக்காரர். இந்த வருஷம் மெக்கானிக்குக்கு ஒரு பூர்வகதை வேண்டும் என்று என் நோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துக் கதை வந்தது. சின்ன நிலா ஒன்றில் யுத்தம். பையனாக இருந்த மெக்கானிக் இடிந்த சுரங்கத்துக்குள் ஆறு நாள் மாட்டிக்கொண்டான். அதனால்தான் கதவைச் சாத்த மாட்டான், அதனால்தான் ரொட்டியை மிச்சம் வைப்பான். எபிசோடில் எதிரி தாக்கும்போது கப்பலின் கேப்டன் அவரை எஞ்சின் அறைக்குள் வைத்து வெளியே பூட்ட வேண்டி வருகிறது. அங்கே அவர் உடைந்து போய்க் கதையைச் சொல்கிறார். வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். "அக்கா நோட்டுலயே இருந்தது, நான் எடுத்துக் கோத்தேன், அவ்வளவுதான்" என்றார் சிக்கல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். ஃபியூஸ் அண்ணே வந்தார். இடது கை கதவுச் சட்டத்தில், அரை நொடி. உள்ளே வந்தார். கதவு திறந்தே கிடந்தது, ஏசி காற்றெல்லாம் வெளியே போகிறது என்று கல்லாவிலிருந்தவர் கத்தினார். அண்ணே ஒரு பன் வாங்கி, நின்றபடியே பாதியைத் தின்று, மீதியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தார்.

என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. இங்கே கேமரா இல்லை. மெக்கானிக்குக்கு இங்கே என்ன வேலை?

நாலு வருஷம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டிருக்கிறோம். செட்டை விட்டு வெளியே வந்தால் என் கண்ணுக்கு விடுமுறை கொடுத்துவிடுவேன், அதனால் பார்க்கவே இல்லை. நடிப்பு என்று நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது நடிப்பே இல்லை. ஒரு மனுஷனுடைய காயத்தை எடுத்து அடுத்த எபிசோடுக்குச் சட்டமாக்கியிருக்கிறேன். அதை ஒருத்தர் கதையாகக் கோத்துவிட்டார், இனி பூட்டி வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

அன்று சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். செட்டின் பின்பக்கம் ஒரு விளக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நடிகரான பிறகும் கை சும்மா இருக்காது.

"அண்ணே, அந்த எஞ்சின் ரூம் சீன். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லுங்க. பழைய எபிசோடோட ஒத்து வரலன்னு ஏதாவது சொல்லி நான் நிறுத்திடறேன். எதுக்குன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் ஸ்க்ரூவைத் தரையில் வரிசையாக வைத்தார். "எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"உங்கள எங்கயோ வச்சு..."

"உள்ள வச்சுப் பூட்டினாங்கன்னு நினைக்கறீங்க. சிக்கல் தம்பி எழுதின மாதிரி." சிரித்தார். "உள்ள இருக்கறது சுலபம்க்கா. உள்ள இருந்தவன்தான நான், இதோ உக்காந்து லைட்டு மாட்டிட்டு இருக்கேன்."

பிறகு அவராகவே சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயது. அவர்கள் ஊர் வரைக்கும் சண்டை வந்துவிட்டது. சைரன் அடித்தால் தெருவே ஓடிப் போய்ப் பள்ளிக்கூடத்து நிலவறைக்குள் இறங்கும். இரும்புக் கதவு. வளர்ந்த பையன் என்று இவரைக் கதவுப் பக்கம் நிறுத்துவார்கள். அன்றைக்கு இறங்கும்போது தங்கையின் செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது. எட்டு வயது. புதுச் செருப்பு. எடுத்துவிட்டு வருகிறேன் என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

"உள்ள இருந்து எல்லாரும் கத்தறாங்க. சாத்துடா, சாத்துடான்னு. அம்பது பேரு உயிரு, சாத்துடான்னு. நான் எட்டிப் பாத்தேன். அவ வரல. சாத்திட்டேன்." ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். "அப்புறம் இடி மாதிரி சத்தம். தட்டினாளான்னு எனக்குத் தெரியாதுக்கா. தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. அதத்தான் முப்பது நாப்பது வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன்."

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ரொட்டி அவளுக்குத்தான். உள்ள போனதும் ஆளுக்குப் பாதி தருவாங்க. நேரமானா பசிக்கும்னு அவ பங்கு என் பையில இருக்கும். பழக்கம் விடல" என்றார். "அந்த சீனை நிறுத்த வேணாம்க்கா. அது தப்பான கதை. தப்பான கதை எனக்கு வசதி. அதுக்குள்ள நான் ஒளிஞ்சுக்கலாம். ஆனா யாருக்கும் சொல்லாதீங்க. என் பொண்ணுக்கே தெரியாது. அத்தை ஒருத்தி இருந்தான்னே நான் சொன்னதில்ல."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். புத்தி கேட்கவில்லை. எடிட்டிங் அறைக்குப் போய்ப் பழைய எபிசோடுகளைப் போட்டேன். என் நோட்டில் கை இருந்தது, அரை நொடி இருந்தது, கதவு இருந்தது. கண் இல்லை. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஓட விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கதவிலும் அந்த அரை நொடி அவர் உள்ளே பார்க்கவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறார். ஒட்டுப்பலகைக் கப்பலின் காலி வழிநடையில் யாரோ ஓடி வருகிறார்களா என்று பார்க்கிறார். ஒரே இருப்பில் எத்தனை எபிசோடு பார்த்தேன் என்று நினைவில்லை. கண் எரிந்தது, அழுதும் இருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து ஸ்டாம்ப் குத்தும் கூட்டம். டைரக்டர், சிக்கல், நான். வெள்ளைத் தாளில் கதை முழுவதும் என் முன்னால் இருந்தது. மற்ற எல்லாப் பக்கத்திலும் குத்திவிட்டேன். எஞ்சின் அறைக் காட்சி வந்ததும் என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், பொருந்தாத பக்கத்தில் கை இறங்க மறுக்கிறது. மாட்டிக்கொண்டவன் நுழையும் முன் அறைக்குள்ளே இன்னொரு வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பான், இவர் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறார்.

"என்னக்கா, பூதக்கண்ணாடிக்கும் கண்ணு மங்கிடுச்சா?" என்றார் சிக்கல். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் மெக்கானிக் கண்ணுதான் உன் கதைக்குப் பொருந்தல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டது அவர். சிக்கல் விடவில்லை. எங்கே பொருந்தவில்லை, காட்டுங்கள் என்றார். மழுப்பிப் பார்த்தேன். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மூன்று துண்டுகளைப் போட்டுக் காட்டினேன். அதிலும் பாருங்கள், வேலை என்று வந்துவிட்டதால் துல்லியமான மூன்றைத்தான் என் கை தேர்ந்தெடுத்தது.

சிக்கல் மூன்றாவது துண்டை இரண்டு முறை பார்த்தார். அந்தப் பிள்ளை முட்டாள் இல்லை.

"இவன் வழிய தேடல, ஆளத் தேடறான். அக்கா, இவன் மாட்டிக்கிட்டவன் இல்ல. கதவச் சாத்தினவன்! யாரையோ வெளிய விட்டுச் சாத்தினவன்!" லாட்டரி விழுந்தவர் போல எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இந்த எபிசோட எழுதினது நீங்கதான் போங்க!"

எங்கள் இடத்தில் மாற்றி எழுதிய பக்கங்கள் மஞ்சள் தாளில் வரும். மறுநாள் காலையில் எல்லோர் மேஜையிலும் மஞ்சள் தாள் கிடந்தது. ஒரு சிறுவன். கனமான கதவு. வெளியே ஓடி வரும் ஒரு சிறுமி, அவளுடைய நீட்டிய கை, கதவு சாத்துகிறது. பிறகு இன்றைய மெக்கானிக், அதே மாதிரிக் கதவைத் தன் கையால் சாத்த வேண்டும், முகத்துக்கு நெருக்கமாகக் கேமரா. செருப்பு மட்டும்தான் இல்லை. அதையும் எழுதியிருந்தால் சிக்கலை மந்திரவாதி என்று சொல்லியிருப்பேன்.

ஃபியூஸ் அண்ணே மஞ்சள் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் திரும்பக் கத்தியிருப்பேன்.

"நான் சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான்க்கா."

"நான் சொல்லலண்ணே. காட்டிட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இருப்பதாக முந்தின நாளிலிருந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதும் அது ஒன்றுமில்லாமல் போயிற்று.

"வெள்ளைத் தாள்ல இருந்தது வேற எவனோ. நான் நடிச்சிருப்பேன்" என்றார். "இது முடியாது. அந்தக் கதவ நான் ரெண்டாந்தடவ சாத்தணுமா? மூணு டேக், நாலு டேக்குன்னு கேப்பாங்க. அப்புறம் என் பொண்ணு டிவில பாப்பா. அப்பாகிட்ட கேக்க வேண்டியத டிவி சொல்லிடும்." எழுந்து பேன்டைத் தட்டிக்கொண்டார். "நாளைக்கு டைரக்டர்கிட்ட சொல்லிட்டு லைட்டுக்கே போயிடறேன். மெக்கானிக்க விண்வெளில எங்கயாவது தள்ளி விட்டுருவாங்க. பரவால்ல."

அவர் போனார். வாசலில் நின்றார், திரும்பிப் பார்த்தார், போனார். இந்தத் தடவை அந்த அரை நொடியில் நானும் அவர் கண்ணில் பட்டிருப்பேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்வதுதான் கஷ்டம். உண்மையைச் சொல்லி மஞ்சள் தாளை நிறுத்த முடியாது, அது அவருடைய உண்மை. எனக்குச் சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று, நான் தப்பே செய்ய மாட்டேன் என்கிற பேர்.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் தளத்தில் கூடுவார்கள். அன்று என்ன எடுக்கப் போகிறோம் என்று டைரக்டர் சொல்லுவார். கேமராக்காரர்கள், மேக்கப், தச்சர்கள் என்று நாற்பது பேர் இருக்கும். அண்ணே ஓரமாக, டைரக்டர் தனியாக வரட்டும் என்று காத்திருந்தார். அவர் முந்துவதற்குள் நான் ஸ்டூல் மேலேயே ஏறி நின்றுவிட்டேன்.

"ஒரு நிமிஷம். நான் அன்னைக்குக் காட்டின மூணு கிளிப்பும் தப்பு. கேமராவுக்குப் பக்கத்துல ஆள் நின்னுட்டு இருந்திருக்காங்க. ஃபியூஸ் அண்ணே அவங்களத்தான் பாத்திருக்காரு. நடிச்சுப் பழகாதவங்க அப்படித்தான் கேமரா பக்கம் பாத்துருவாங்க. நான் அத கதைன்னு நினைச்சுட்டேன். என் தப்பு. மஞ்சள் தாள் பொருந்தாது. வெள்ளைத் தாள்தான் சரி."

தச்சர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "யானைக்கும் அடி சறுக்கும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் அவர்கள் ஆணியைக்கூட எண்ணியிருக்கிறேன், அவர்கள் சிரிப்பதில் நியாயம் உண்டு. அண்ணே நிமிரவில்லை. நாற்பது பேர் முன்னால் அவருக்கு நடிக்கத் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன்.

சிக்கல் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்தார். ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்து எழுதிய பக்கங்கள் அவர் கையில் இருந்தன.

"நாலு வருஷமாவா கேமரா பக்கத்துல ஆள் நிக்கறாங்க?"

"ஆமா."

"எல்லா எபிசோட்லயுமா?"

"ஆமான்னு சொல்றேன்ல."

என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "அக்கா, உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமே இல்ல. நல்லாத் தெரியுது" என்றார். அவர் பார்வை மெதுவாகப் போய் ஓரத்தில் நின்ற அண்ணன் மேல் தங்கியது. அண்ணனின் இடது கை ஒட்டுப்பலகைச் சட்டத்தைப் பிடித்திருந்தது. சிக்கல் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "சரி, அக்காவே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. சரித்திரத்துல முதல் தடவை. வெள்ளைத் தாளே எடுங்கப்பா" என்று சத்தமாகச் சொல்லி, மஞ்சள் தாள்களை வாங்கிக் கிழித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிக்கல் என்று பேர் வைத்தவர்கள் அந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை.

வெள்ளைத் தாளில் நான் ஸ்டாம்ப் குத்தினேன். பொருந்துகிறது. என் வாழ்க்கையின் முதல் பொய் ஸ்டாம்ப், மை கொஞ்சம் அதிகமாகவே பதிந்துவிட்டது.

காட்சியை ஒரே டேக்கில் எடுத்தார்கள். கேப்டன் வெளியிலிருந்து கதவைப் பூட்டினார். உள்ளே மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட ஆறு நாளைப் பற்றிச் சொன்னார். குரல் நடுங்கியது, கண்ணீர் சரியான இடத்தில் வந்தது. மேக்கப் பெண் மூக்கை உறிஞ்சினாள். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் நடித்தார் என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும். நோட்டில் கண் என்று தனியாக ஒரு பத்தி போட்டு, 'எதிர்ச் சுவரில்' என்று எழுதிக்கொண்டேன்.

எபிசோட் வெளியாவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டுடியோவின் சின்ன அரங்கில் எங்களுக்கும் குடும்பத்தாருக்கும் போட்டுக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் வந்து முதல் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். படம் முடிந்ததும் எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். டைரக்டர் அவரைக் கட்டிப்பிடித்தார். என் வீட்டுக்காரரை எழுப்பி வண்டியை எடுக்க அனுப்பிவிட்டு நான் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து முன்னால் நின்றாள். இருபது வயதிருக்கும். கண்ணைப் பார்த்ததும் யார் மகள் என்று தெரிந்துவிட்டது.

"நோட்டு எழுதற ஆன்ட்டி நீங்கதான? உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அப்பா சொல்லுவாரு."

"சும்மா சொல்லுவாரும்மா."

"ஆமா, சும்மாத்தான் போல. இதுல ஒரு தப்பு இருக்கே." அவள் குரலில் சண்டை இருந்தது. "ஆறு நாள் அடைஞ்சு கிடந்தவரு எதுக்கு வெளியவே பாக்கறாரு? எல்லாக் கதவுலயும் பாக்கறாரு. வீட்லயும் அப்படித்தான். சின்ன வயசுல நான் பள்ளிக்கூடம் விட்டு உள்ள வந்த பிறகும் அப்பா வாசலப் பாத்துட்டு நிப்பாரு. நான்தான் வந்துட்டேனே, இன்னும் யாரு வரணும்னு கேப்பேன். ஒண்ணுமில்லன்னு சொல்லுவாரு. இந்தக் கதையில அதுக்குப் பதில் வரும்னு நினைச்சு வந்தேன். வரல."

கேமரா பக்கத்தில் ஆள் நின்ற கதையை இவளிடம் சொல்ல முடியாது. வீட்டு வாசலில் எந்தக் கேமரா?

"என் தப்பும்மா. கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன்.

"நாலு வருஷமாவா கவனிக்கல?"

"ஆமா."

"அப்புறம் என்ன நோட்டு, என்ன பேரு?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவள் கேட்டது சரி.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் அண்ணே நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. பாராட்டியவர்களெல்லாம் வெளியே போய்விட்டிருந்தார்கள்.

"அவங்களத் திட்டாதம்மா" என்றார். "அவங்க கவனிச்சாங்க. அவங்களுக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன். எனக்காக எல்லார் முன்னாடியும் தப்புப் பண்ணிட்டேன்னு நின்னாங்க."

"என்ன தெரியும்? எத சொல்ல வேணாம்னீங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே தாளில் சுற்றிய பாதி பன் இருந்தது. அதை எடுத்து மகள் கையில் வைத்தார். அவள் விழித்தாள்.

"வீட்டுக்கு நடந்தே போலாமா?" என்று கேட்டார்.

"அவ்வளவு தூரமாப்பா?"

"தூரம்தான். சொல்றதுக்கு அவ்வளவு தூரம் வேணும்."

அவள் ஒன்றும் கேட்காமல் முன்னால் நடந்தாள். அவர் வாசலுக்குப் போய் நின்றார். இடது கை சட்டத்தில். திரும்பி அரங்கத்துக்குள் பார்த்தார். அரை நொடி கடந்தது, ஒரு நொடி கடந்தது, அவர் நகரவில்லை.

"வாங்கக்கா" என்றார்.

"நீங்க போங்கண்ணே, நான் வர்றேன்."

"இல்ல, வாங்க. வேற யாரு உள்ள இருக்காங்க?"

யாரும் இல்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனேன். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தேன். குனிந்து அடியிலும் பார்த்தேன். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், புரொஜெக்டர் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவர் மகள் வெளியே பன்னைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் பாத்துட்டேண்ணே. உள்ள யாரும் இல்ல. நான்தான் கடைசி" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன்."

நான் வெளியே வந்தேன். அவர் இன்னொரு முறை உள்ளே பார்த்துவிட்டு, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார். தாழ் விழும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

அவர் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எந்தக் கை என்று நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.